யார் இந்த ‘கோண்டே கோமா’? பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவுக்கு விதை போட்ட ஜப்பானியரின் கதை

1993 நவம்பர் 12. அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் யுஎஃப்சி போட்டி. பாக்ஸர், சுமோ வீரர், கிக் பாக்ஸர் என ஆளாளுக்கு ஒரு ஸ்டைலில் இறங்கிய அந்தக் கூண்டுக்குள், வெள்ளை உடுப்பில் ஒல்லியான ஒருவர் வந்தார். ஒரே இரவில் மூன்று பேரை மடக்கி சாம்பியன் ஆனார். அவர் பெயர் ராய்ஸ் கிரேசி. அன்றிலிருந்துதான் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு, சுருக்கமாக பிஜேஜே, உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

ஆனா, கிரேசி குடும்பத்துக்கே இந்த வித்தை வந்தது ஒரு ஜப்பானியரிடமிருந்து. அவர்தான் மிட்சுயோ மயேடா. பிஜேஜே என்ற பெயரைக்கூட அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

சுமோவுக்கு ஒத்துவராத உடம்பு

வடக்கு ஜப்பானின் அவோமோரி மாகாணத்தில், ஹிரோசாகி பக்கத்து கிராமம் ஒன்றில் 1878-ல் பிறந்தவர் மயேடா. சின்ன வயதில் சுமோ பழகினார். உடம்பு ஒத்துழைக்கவில்லை. வளர்ந்த பிறகும் உயரம் சுமார் 164 செ.மீ., எடை 64 கிலோவை ஒட்டித்தான்.

பதினெட்டு வயது வாக்கில் படிப்புக்காக டோக்கியோ வந்தவர், 1897-ல் ‘கோடோகன்’ பள்ளியில் சேர்ந்தார். ஜிகோரோ கானோ 1882-ல் ஒரு கோயில் வளாகத்தில், வெறும் 12 பாய் விரிக்கும் இடத்தில் ஆரம்பித்த பள்ளி அது. பழைய ஜுஜுட்சு கலைகளில் ஆபத்தானவற்றைத் தள்ளிவைத்துவிட்டு, முழு பலத்தோடு பயிற்சி செய்யக்கூடியவற்றை மட்டும் தொகுத்து ‘ஜூடோ’ என்று பெயர் வைத்தவர் கானோ. மயேடாவுக்கு வாய்த்த ஆசிரியர் டோமிடா. அவரும் சின்ன உருவம்தான். பெரிய ஆளை எப்படிச் சாய்ப்பது என்பதை, அதே பிரச்னை உள்ள ஒருவரிடமே மயேடா கற்றுக்கொண்டார்.

அமெரிக்கா கொடுத்த அதிர்ச்சி

1904 கடைசியில் டோமிடாவும் மயேடாவும் அமெரிக்கா கிளம்பினார்கள். ரஷ்யாவோடு ஜப்பான் போரில் இருந்த நேரம் அது. குட்டி நாடான ஜப்பான்மீது அமெரிக்காவுக்கு திடீர் ஆர்வம். அதிபர் ரூஸ்வெல்ட்டே இன்னொரு கோடோகன் ஆசிரியரிடம் ஜூடோ கற்றுக்கொண்டிருந்தார்.

1905-ல் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் ஒரு செயல்விளக்கம். அங்கே தன்னைவிடக் கனமான மாணவர் ஒருவரைத் தூக்கிப்போட முடியாமல் டோமிடா கீழே அமுக்கப்பட்டார். பார்வையாளர்களுக்கு நுணுக்கமெல்லாம் தேவைப்படவில்லை. யார் மேலே, யார் கீழே, அவ்வளவுதான் கணக்கு.

டோமிடா பின்னாளில் ஊர் திரும்பினார். மயேடா திரும்பவில்லை.

வயிற்றுப்பாடா, கொள்கையா?

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். கானோவுக்கு ஜூடோ என்பது கல்வி. காசுக்காக மேடையேறிச் சண்டை போடுவதை கோடோகன் விரும்பவில்லை. ஆனா, அந்நிய நாட்டில் தனியாக இருக்கும் ஒருவர் சாப்பிட வேண்டுமே? வகுப்பு வைத்தால் வருகிற கூட்டம் போதவில்லை. தியேட்டரிலும் சர்க்கஸிலும் சவால் விட்டு ஜெயித்தால்தான் கையில் காசு.

மயேடா மேடையைத் தேர்ந்தெடுத்தார். அமெரிக்கா, பிரிட்டன், ஸ்பெயின், கியூபா, மெக்சிகோ என்று சுமார் பத்து வருடம் இதே பிழைப்பு. ‘கோண்டே கோமா’ என்ற பெயர் ஸ்பெயினில், 1908 வாக்கில் வந்தது. கோண்டே என்றால் ஸ்பானிஷில் பிரபு. கோமா என்பது, சிக்கலில் மாட்டிக்கொள்வதைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லான ‘கோமாரு’வின் சுருக்கம். பர்ஸ் காலியாக இருந்த நேரத்தில் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர் இது என்று சொல்வார்கள்.

இணையத்தில் இன்றும் சுற்றும் ஒரு கதை, அவர் 2,000 சண்டைகளில் தோற்கவே இல்லை என்பது. இது மிகை. 1908-ல் லண்டன் அல்ஹம்ப்ரா அரங்கில் நடந்த மல்யுத்தப் போட்டியில் இரண்டு எடைப் பிரிவுகளில் இறங்கி, இரண்டிலும் தோற்றார். காரணம் எளிது. ஜூடோவில் எதிராளியின் காலரும் கையும்தான் கைப்பிடி. மேற்கத்திய மல்யுத்தத்தில் பிடிக்கச் சட்டையே கிடையாது. அப்படியும் ஒரு பிரிவில் ஃபைனல் வரை போனார்.

பெலெமில் ஒரு கொட்டகை

1914-ல் பிரேசிலுக்குள் நுழைந்தவர், ஊர் ஊராகக் காட்சி நடத்திவிட்டு, அமேசான் முகத்துவாரத்தில் இருக்கும் பெலெம் நகரில் தங்கினார். ரப்பர் வியாபாரத்தால் கொழித்து, பிறகு விலை சரிந்து தள்ளாடிக்கொண்டிருந்த ஊர் அது. 1921-ல் அங்கே அவர் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் அளவில் ஒரு கொட்டகை.

அந்தக் காலத்தில் வெளிநாடுகளில் ஜூடோவையும் ஜியு-ஜிட்சு என்றுதான் சொல்வார்கள். அதனால்தான் ஜூடோ கற்றுத்தந்தவரின் வழியில் வந்த கலைக்கு இன்றும் அந்தப் பெயர்.

பெலெமைச் சேர்ந்த தொழிலதிபர் கஸ்டாவ் கிரேசியின் மூத்த மகன் கார்லோஸ். மயேடாவின் காட்சியைப் பார்த்து அசந்துபோய் மாணவராகச் சேர்ந்தார் என்பது குடும்பத்தினர் சொல்லும் வரலாறு. மயேடாவின் உள்ளூர் மாணவர்கள் சிலரிடமே அவர் அதிகம் கற்றிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். எப்படியோ, கிரேசி குடும்பம் ரியோவுக்குக் குடிபெயர்ந்தது. 1925-ல் முதல் அகாடமி திறந்ததாக அவர்கள் கணக்கு. கார்லோஸும் தம்பி ஹீலியோவும் தரைப்பிடிகளை இன்னும் கூர்தீட்டினார்கள். வளர்ந்த விதம் மட்டும் மயேடா ஸ்டைல்தான்: முதலில் சவால், பிறகு வெற்றி, அதைப் பார்த்து அட்மிஷன். 1993-ல் டென்வரில் ஜெயித்த ராய்ஸ், ஹீலியோவின் மகன்.

மயேடாவிடமிருந்து கிளம்பிய வழி இது ஒன்று மட்டுமல்ல. அவரது இன்னொரு மாணவரான லூயிஸ் ஃபிரான்சாவிடம் கற்ற ஓஸ்வால்டோ ஃபாடா, ரியோவின் புறநகரில் ஏழைகளுக்குக் காசு வாங்காமலே சொல்லிக்கொடுத்தார். வசதியானவர்கள் வந்துபோன கிரேசி அகாடமிக்கு 1950-களில் சவால் விட்டு, கால்பிடிகளால் ஜெயித்தும் காட்டியது அவரது டீம்.

காட்டுக்குள் கடைசி ஆட்டம்

மயேடாவின் பிற்கால வாழ்க்கை பாயில் இல்லை, அமேசான் காட்டில். ஜப்பானில் வேலையும் நிலமும் இல்லாத குடும்பங்களை அமேசானில் குடியேற்றும் வேலையில் இறங்கினார். 1929-ல் டோமே-அசு குடியேற்றத்துக்கு முதல் குடும்பங்கள் வந்தன. சொன்னதுபோல எதுவும் எளிதாக இல்லை. பயிர் கைகொடுக்கவில்லை, மலேரியா உயிர்களை வாங்கியது. விட்டுவிட்டுப் போனவர்கள் நிறைய. மயேடா அந்த மண்ணிலேயே இருந்தார். பிரேசில் குடியுரிமையும் வாங்கிவிட்டார்.

1941 நவம்பர் 28-ல், சிறுநீரகப் பாதிப்பால் பெலெமில் இறந்தார். முந்தைய நாள்தான் கோடோகன் அவருக்கு ஏழாவது ‘டான்’ தகுதியை வழங்கியிருந்தது. அந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. காசுக்குச் சண்டை போட்டதால் கோடோகன் அவரை ஒரேயடியாக ஒதுக்கிவிட்டது என்ற கதைக்கு இந்தத் தேதியே பதில்.

அவர் இறந்த ஒன்பதாவது நாள் பேர்ல் ஹார்பர் தாக்குதல். 1942-ல் பிரேசில் நேச நாடுகள் பக்கம் சேர்ந்தது. அந்தப் பகுதி ஜப்பானியர்கள் டோமே-அசுவிலேயே சிறைவைக்கப்பட்டார்கள். போர் முடிந்த பிறகு அதே ஊர் மிளகால் செழித்தது. 1956-ல் ஹிரோசாகியில் மயேடாவுக்கு நினைவுக்கல் வைத்தார்கள்.

இன்று பல பிஜேஜே அகாடமிகளின் சுவரில் கார்லோஸ் அல்லது ஹீலியோவின் படம் இருக்கும். அந்த குரு வரிசையை ஒரு படி மேலே தேடிப்போனால், டையும் கோட்டுமாக நிற்கும் இந்தக் குள்ளமான ஜப்பானியர்தான் கிடைப்பார்.