ரெஜினால்டு இன்னெசு போகாக்

ரெஜினால்டு இன்னெசு போகாக் (மார்ச் 4, 1863 – ஆகஸ்ட் 9, 1947) ஒரு பிரித்தானிய விலங்கியலாளர் ஆவார். இன்று உலகின் பல நாடுகளில் பொழுதுபோக்காக வளர்க்கப்படும் இந்திய டாரன்டுலா சிலந்திகள் சிலவற்றிற்குப் பெயரிட்டவர் இவரே.

வாழ்க்கை

பிரிஸ்டல் நகரில் பிறந்த இவர், 1885 இல் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியில் சேர்ந்தார். 1904 முதல் 1923 வரை இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையின் கண்காணிப்பாளராக இருந்தார். பின்னர் பாலூட்டிகளை ஆராய்ந்தார்.

சிலந்தி ஆய்வு

மரப்பொந்துகளில் வாழும் பொயெசிலோதீரியா பேரினத்தின் பல இனங்களை 1899 இல் விவரித்தார். அவற்றுள் ரெகாலிசு என்ற இனம், அம்பத்தூர் வழியே செல்லும் சென்னை இருப்புப்பாதையில் உள்ள அரக்கோணத்தில் கிடைத்ததாகும். நீலநிற மெட்டாலிகா ஆந்திராவின் கூட்டி என்னும் ஊரில் கிடைத்தது.

வளர்ப்பும் பாதுகாப்பும்

இவற்றை வளர்ப்போர் உயரமான கூண்டில், ஏறி ஒளிந்துகொள்ள மரப்பட்டை வைப்பர். கடித்தால் கடும் தசைப்பிடிப்பு ஏற்படும் என்பதால் கையில் எடுப்பதைத் தவிர்ப்பர். மெட்டாலிகா 102 ஆண்டுகளுக்குப் பின்னர், 2001 இல்தான் நந்தியால்–கித்தலூர் இடையிலான காட்டில் மீண்டும் காணப்பட்டது. காடழிவும், விற்பனைக்காகப் பிடிக்கப்படுவதும் இவ்வினத்தை அழிவின் விளிம்பிற்குத் தள்ளியுள்ளன. 2019 முதல் இப்பேரினம் முழுவதன் பன்னாட்டு வணிகமும் சைட்டிசு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது.