காலுறை செய்தவர் கட்டிய உல்லாச ரெயில்

மேலே ஏறும்போது நெஞ்சு படபடக்கும். உச்சிக்குப் போனதும் மூச்சே நின்றுவிடும் போல இருக்கும். அடுத்த நொடி விர்ரென்று பள்ளத்தில் பாயும். பெரியவர்களும் குழந்தைகளைப் போலக் கூச்சல் போடுவார்கள். இறங்கிய பிறகோ, இன்னொரு முறை ஏறலாம் என்று ஓடுவார்கள்!

அதுதான் ரோலர் கோஸ்டர் என்னும் உல்லாச ரெயில்.

காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் வழியாகச் சென்னைக்குச் செல்கிறது பெங்களூர் நெடுஞ்சாலை. அந்தச் சாலையில் பழஞ்சூரில் கேளிக்கைப் பூங்கா வந்தபோது, சுற்று வட்டார மக்கள் வேன் பிடித்துக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். கோவில் திருவிழாவில் ராட்டினம் ஏறியவர்களுக்கு இது புது அனுபவம்.

இந்த விளையாட்டை உலகம் முழுவதும் பரப்பியவர் யார் தெரியுமா? அவர் சர்க்கஸ்காரர் அல்ல. ரெயில்வே என்ஜினீயரும் அல்ல. காலுறை செய்து விற்றவர்! அவர் பெயர் லாமார்கஸ் தாம்ப்சன்.

சிறு வயதுத் தச்சர்

தாம்ப்சன் 1848-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் பிறந்தார். கைத்தொழிலில் பிறவித் திறமை அவருக்கு. 12 வயதிலேயே தாயாருக்கு வெண்ணெய் கடையும் கருவியும், தந்தைக்கு மாட்டு வண்டியும் செய்து கொடுத்தாராம். வாலிப வயதில் கைதேர்ந்த தச்சர் ஆகிவிட்டார். கல்லூரியிலும் சில காலம் படித்தார்.

பிறகு இந்தியானா மாநிலத்தில் உள்ள எல்கார்ட் நகரில் குடியேறினார்.

தையல் இல்லாத காலுறை

காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் உடலையும் கரையையும் தறியிலேயே கோத்து இணைப்பார்கள். அதற்குக் கோர்வை என்று பெயர். அந்த இணைப்பு விட்டுப் போகாது என்பதுதான் நெசவாளியின் பெருமை. இணைப்பு சரியாக இல்லாவிட்டால் துணி உழைக்காது. நெசவுத் தொழிலில் உள்ளவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

காலுறையிலும் அதே தொல்லை இருந்தது. தைத்த இடம் காலை உறுத்தும். தையலே இல்லாமல் காலுறை பின்ன ஓர் எந்திரத்தைத் தாம்ப்சன் உருவாக்கினார். தொழில் ஓகோ என்று நடந்தது. பணம் குவிந்தது.

ஆனால் பணம் வந்த வேகத்தில் உடல்நலம் போயிற்று! ஓயாத உழைப்பு அவரைப் படுக்கையில் தள்ளியது. பாடுபட்டு வளர்த்த தொழிலை விட்டுவிட்டு விலகினார். அப்போது அவருக்கு 40 வயதுகூட ஆகவில்லை.

வேறு யாராக இருந்தாலும் சேர்த்த பணத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பார்கள். தாம்ப்சன் சும்மா இருக்கவில்லை.

கழுதைகளின் சவாரி

பென்சில்வேனியா மாநிலத்தில் மாக் சங்க் என்று ஒரு மலை ஊர். அங்கே 1827-ம் ஆண்டு நிலக்கரி இறக்குவதற்காகச் சரிவுப் பாதை போட்டிருந்தார்கள். கரி ஏற்றிய வண்டிகள் என்ஜின் இல்லாமலே மலையில் இருந்து இறங்கி வரும். காலி வண்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துச் செல்லும். இறங்கும்போது அந்தக் கழுதைகளும் வண்டியில் ஏறிச் சவாரி செய்யும்!

பின்னாளில் கரி ஏற்றுவது நின்றது. ஆனாலும் பாதை மூடப்படவில்லை. காசு கொடுத்துச் சறுக்கி மகிழ மக்கள் திரண்டு வந்தார்கள்.

தாம்ப்சனுக்கு யோசனை தந்தது இந்தப் பாதைதான் என்பார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. தாம்ப்சன் கடவுள் பக்தி மிக்கவர். தொழிலாளிகள் ஓய்வு நாளில் சாராயக் கடையிலும் தகாத இடங்களிலும் கூலியைத் தொலைப்பது அவர் மனதை வாட்டியது. மனைவி மக்களோடு சேர்ந்து மகிழ நல்ல பொழுதுபோக்கு இருந்தால் அவர்கள் திருந்துவார்கள் என்று நம்பினார்.

கட்டணம் 5 சென்ட்

நியூயார்க் நகரின் கடற்கரை, கோனி தீவு. 1884-ம் ஆண்டு ஜூன் மாதம் தாம்ப்சனின் ரெயில் அங்கே ஓடத் தொடங்கியது.

தாமல் ஏரிக்கரை மேலிருந்து சைக்கிளில் இறங்குகிறவர் பெடலை மிதிக்க வேண்டியது இல்லை. இறங்கிய வேகமே அடுத்து வரும் சிறு மேட்டில் அவரை ஏற்றிவிடும். தாம்ப்சன் ரெயிலின் சூட்சுமமும் அதுதான். வழியில் வேகம் குறையும் என்பதால், ஒவ்வொரு மேடும் முன்னதைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும்.

பாதையின் நீளம் 600 அடி. வேகம் மணிக்கு சுமார் 10 கிலோ மீட்டர்தான். சைக்கிளே அதைவிட வேகமாகப் போகும்! மறுமுனையில் எல்லோரும் இறங்க வேண்டும். ஆட்கள் வண்டியைத் தள்ளி மேலே ஏற்றி அடுத்த தண்டவாளத்துக்கு மாற்றுவார்கள். பிறகு திரும்பிச் சவாரி.

கட்டணம் 5 சென்ட். அதற்கே கூட்டம் அலைமோதியது! நாள் ஒன்றுக்கு 600 டாலர் வசூலானது. போட்ட முதல் மூன்றே வாரத்தில் திரும்பி வந்தது என்பார்கள்.

1885 ஜனவரியில் அவருக்கு இந்த ரெயிலுக்கான காப்புரிமை கிடைத்தது.

போட்டி வந்தது

சரிவில் சறுக்கும் விளையாட்டு தாம்ப்சனுக்கு முன்பே இருந்தது. ரஷியாவில் பனிச் சரிவுகளும், 1817-ல் பாரீசில் சக்கர வண்டிச் சரிவுகளும் இருந்தன. அமெரிக்காவிலேயே வேறு சிலர் காப்புரிமை பெற்றிருந்தனர். ஆனால் மக்கள் கூட்டத்தை இழுத்து, அதை ஒரு தொழிலாக நிலைநிறுத்தியவர் தாம்ப்சன்.

ஆகவே போட்டியும் உடனே வந்தது. சார்லஸ் அல்கோக் என்பவர், புறப்பட்ட இடத்துக்கே வண்டி சுற்றி வரும்படி பாதை போட்டார். நடுவில் இறங்க வேண்டியது இல்லை. அடுத்த ஆண்டே பிலிப் ஹிங்கிள் என்பவர், பயணிகளோடு வண்டியை எந்திரத்தால் மேலே இழுத்தார். படி ஏறும் வேலையும் ஒழிந்தது! தாம்ப்சனின் ரெயில் பழசாகிப் போயிற்று.

அவர் மனம் தளரவில்லை. வேகத்தோடு அழகையும் சேர்த்தார். 1887-ம் ஆண்டு அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில் காட்சி ரெயிலைத் தொடங்கினார். வண்டி இருட்டுக் குகைக்குள் நுழையும். திடீரென்று விளக்குகள் எரியும். இருபுறமும் வண்ண வண்ணக் காட்சிகள் தெரியும். மக்கள் சொக்கிப் போனார்கள்!

ஐரோப்பாவிலும் அவர் ரெயில்கள் ஓடின. 1895-ல் சொந்தமாகக் கம்பெனி அமைத்தார். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் 1912-ல் கட்டப்பட்ட காட்சி ரெயில், நூறு ஆண்டுகளைத் தாண்டியும் ஓடியது.

சீடர் செய்த சாதனை

தாம்ப்சன் 1919-ம் ஆண்டு காலமானார். அவரிடம் இளம் வயதில் வேலை பார்த்தவர் ஜான் மில்லர். தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரம் பொருத்தி, வண்டி மேலே தூக்கி எறியப்படாமல் காத்தவர் அவர். அதற்கான காப்புரிமை கிடைத்ததும் அதே 1919-ல்தான். அதன் பிறகே செங்குத்தான பள்ளங்களில் பயமின்றிப் பாய முடிந்தது.

தாம்ப்சன் எண்ணியபடி சாராயக் கடைகள் மூடப்படவில்லை. ஆனால் தகப்பனும் தாயும் பிள்ளைகளும் ஒரே வண்டியில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் பயந்து, ஒரே நேரத்தில் சிரிக்க அவர் வழி செய்தார். ஒரு நாள் கூலியில் சிறு பங்கு அதற்குப் போதுமானதாக இருந்தது.