பெருமூலக்கூறு கண்ட பேரறிஞர்

ரப்பர் இழுத்தால் நீளும். விட்டால் பழைய நிலையை அடையும். பருத்தி இழை மெல்லியதாயினும் எளிதில் அறுவதில்லை. இவ்வியல்புகளுக்குக் காரணம் யாது? இவ்வினாவிற்கு விடை கண்டு, அவ்விடையை உலகம் ஏற்கும் வரையில் பல்லாண்டுகள் தளராது உழைத்தவர் ஹெர்மன் ஸ்டௌடிங்கர் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆவார்.

அவர் 1881ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள், ரைன் ஆற்றங்கரையிலுள்ள வொர்ம்ஸ் நகரில் பிறந்தார். இளமையில் அவர் உள்ளம் தாவரவியலையே நாடியது. தாவரங்களை நன்கறிய வேதியியல் அறிவு இன்றியமையாதது என்று அறிவுறுத்தப் பெற்றமையால் அத்துறையில் புகுந்தார். 1903இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர், கீட்டீன் என்னும் புதுவகைச் சேர்மங்களைக் கண்டறிந்து புகழெய்தினார். 1912இல் சூரிச் நகரிலுள்ள தொழில்நுட்ப உயர்கல்விக் கழகத்தில் பேராசிரியரானார்.

ரப்பர் போன்ற பொருள்கள், சிறு மூலக்கூறுகள் பல மெல்லிய ஈர்ப்பினால் ஒன்றுகூடிய திரள்களே என்று அக்காலத்து அறிஞர் பலர் கருதினர். ஸ்டௌடிங்கர் 1920இல் வேறொரு கொள்கையை வெளியிட்டார். கண்ணிகள் கோத்து நெடுஞ்சங்கிலி ஆவது போல, சிறு மூலக்கூறுகள் மிகப்பல உறுதியான வேதிப்பிணைப்பால் இணைந்து ஒரே பெருமூலக்கூறு ஆகின்றன என்பதே அக்கொள்கை. இத்தகைய பொருளையே நாம் பலபடி என்கிறோம்.

அறிஞருலகம் இதனை ஏற்கவில்லை. அத்துணைப் பெரிய மூலக்கூறு இருத்தல் இயலாது என்றனர் பலர். இவ்வாராய்ச்சியைக் கைவிடுமாறு நண்பரும் அறிவுரை கூறினர். ஸ்டௌடிங்கரோ சோதனையையே துணையாகக் கொண்டார்.

ரப்பரிலுள்ள இரட்டைப் பிணைப்புகளினின்று எழும் ஈர்ப்பே சிறு மூலக்கூறுகளைச் சேர்த்து வைக்கிறது என்பது எதிர்ப்பாளர் கூற்று. அங்ஙனமாயின், ஹைட்ரஜனைச் சேர்த்து இரட்டைப் பிணைப்புகளை நீக்கிவிட்டால் திரள் கலைந்து, எளிதில் காய்ச்சி வடிக்கத்தக்க நீர்மமாதல் வேண்டும். 1922இல் அவர் அவ்வாறே ஹைட்ரஜனைச் சேர்த்துப் பார்த்தார். ரப்பர் சிதையவில்லை, காய்ச்சி வடிக்கவும் இயலவில்லை. அதன் கரைசலும் முன்போலவே பாகுத்தன்மை உடையதாயிருந்தது. சங்கிலி மெய்யானது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ!

ஆயினும் எதிர்ப்பு உடனே அடங்கவில்லை. 1926இல் டியூசல்டார்ஃப் நகரில் கூடிய அறிஞர் பேரவையிலும் பலர் அவரை மறுத்துரைத்தனர். அவ்வாண்டே ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் பணியேற்று, ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். சங்கிலி நீள நீளக் கரைசலின் பாகுத்தன்மை மிகுவதையும் காட்டினார். நாளடைவில் உண்மை நிலைபெற்றது. சிறு மூலக்கூறுகளைப் படிப்படியாக இணைத்து, அமெரிக்க அறிஞர் கரோதர்ஸ் 1935இல் நைலானை உருவாக்கினார்.

சுருண்டு கிடக்கும் நெடுஞ்சங்கிலிகள் இழுக்கும்போது நிமிர்வதும், விட்டபின் மீண்டும் சுருள்வதுமே ரப்பரின் இயல்புக்குக் காரணம். சங்கிலிகள் அருகருகே இணையாகப் படிந்து ஒன்றையொன்று பற்றியிருப்பதே பருத்தியிழையின் வலிமைக்குக் காரணம்.

1944இல் போர் விமானங்களின் குண்டுவீச்சால் அவருடைய ஆராய்ச்சிக்கூடம் அழிந்தது. அவர் ஊக்கம் அழியவில்லை. தாவரவியல் வல்லுநரான மனைவியார் மாக்டாவின் துணையோடு, உயிர்ப்பொருள்களிலுள்ள பெருமூலக்கூறுகளையும் ஆராய்ந்தார். இளமையில் விரும்பிய தாவரவியல் முதுமையில் அவரை வந்தடைந்தது எனலாம். 1953இல், தம் 72ஆம் வயதில் நோபெல் பரிசு பெற்றார். 1965 செப்டம்பர் 8ஆம் நாள் ஃப்ரைபர்க்கில் மறைந்தார்.

பலர் மறுப்பதனால் உண்மை பொய்யாகிவிடாது. ஆயினும் அதனை நிலைநாட்டச் சான்று வேண்டும், பொறுமையும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே பெற்றவர் ஸ்டௌடிங்கர்.