திண்டிவனத்தில் ஓர் இரவு: டாக்டர் ஐடா ஸ்கடரின் வாழ்வு நம் வீடுகளுக்குச் சொல்வது



மரக்காணம் உப்பளங்களில் உழைக்கும் நம் சகோதரிகளை நாம் அறிவோம். வெயில் ஏறுமுன் பாத்திக்குச் சென்று, வாரிக் குவித்த உப்பைக் கூடையில் சுமந்து கரையில் கொட்டுகிறார்கள். இப்படி உழைக்கும் ஒரு பெண் கருவுற்றால் எத்தனை மாதம் வரை சுமை தூக்கலாம்? எந்த மருத்துவமனையில் காட்ட வேண்டும்? வலி எடுத்தால் எப்போது வண்டி பிடிக்க வேண்டும்? பிரசவ அறையில் அவள் பக்கத்தில் யார் இருக்க வேண்டும்? இவற்றையெல்லாம் முடிவு செய்வது யார்? கணவரா, மாமியாரா, அக்கம்பக்கமா? அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்கிறார்களா?

மரக்காணத்திலிருந்து மேற்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர் சென்றால் திண்டிவனம். நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த ஊரில் ஒரே இரவில் மூன்று இளம் தாய்மார்கள் பிரசவத்தில் இறந்தார்கள். அந்த இரவு ஓர் இளம்பெண்ணின் வாழ்வையே மாற்றியது. அவர்தான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர். அவர் கத்தோலிக்கர் அல்லர். அமெரிக்கச் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர். ஆனாலும் அவரது வாழ்வு நம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய ஒரு பாடம்.

பஞ்ச காலத்துப் பிள்ளை

ஐடா சோபியா ஸ்கடர் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கும் பின்னர் சென்னைக்கும் வந்த மருத்துவ மறைப்பணியாளர். தந்தையும் மருத்துவர், ஆற்காடு மிஷனில் பணியாற்றியவர். தாயார் சோபியா.

ஐடாவின் சிறுவயதில் வந்ததுதான் நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லிச் சொல்லி நடுங்கிய 1876-78 பெரும் பஞ்சம். பசியால் துவண்டு, ரொட்டியை வாங்கிக் கடிக்கக்கூட வலுவில்லாத குழந்தைகளின் வாயில் அந்தச் சிறுமி துண்டு துண்டாகப் பிட்டு ஊட்டினாள். அந்தக் காட்சிகள் அவள் மனத்தை விட்டு அகலவில்லை. பின்னர் குடும்பம் அமெரிக்கா சென்றது. ஐடா அங்கேயே படித்து வளர்ந்தார். இந்தியாவின் வறுமையையும் வெயிலையும் மறந்து அமெரிக்காவிலேயே வாழ வேண்டும், மறைப்பணிக்கு வரவே கூடாது என்பதுதான் அவருடைய விருப்பம்.

1890-இல் திண்டிவனத்தில் இருந்த தாயாருக்கு உடல்நலம் குன்றியது. தாயைக் கவனித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்துடனேயே ஐடா கப்பலேறினார்.

மூன்று முறை தட்டப்பட்ட கதவு

திண்டிவனத்தில் ஒரு நாள் இரவு ஒரு பிராமணர் வந்து கதவைத் தட்டினார். அவருடைய இளம் மனைவி பிரசவ வலியால் துடித்துக் கொண்டிருந்தாள். மருத்துவச்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஐடா உடனே தம் தந்தையை அழைத்தார். வந்தவர் தயங்கினார். வேற்று ஆண் ஒருவர் தம் மனைவியைத் தொட்டுப் பார்ப்பதை அவர் குலவழக்கம் ஏற்கவில்லை. ஐடாதான் வர வேண்டும் என்று கெஞ்சினார். ஐடாவோ மருத்துவம் படித்தவர் அல்லர். தந்தையோடு சேர்ந்து வந்து உதவுவதாகச் சொன்னார். அதற்கும் அவர் இசையவில்லை. தனியே திரும்பிப் போனார்.

சற்று நேரத்தில் இஸ்லாமியர் ஒருவர் வந்தார். அதே வேதனை, அதே வேண்டுதல், அதே மறுப்பு. பிறகு மூன்றாவதாக ஓர் உயர்குடி இந்து வந்தார். அவரும் அவ்வாறே திரும்பிப் போனார்.

அன்றிரவு ஐடாவுக்கு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் தெருவில் பறையொலி கேட்டது. விசாரித்து வரப் பணியாளரை அனுப்பினார். மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்த மூன்று கணவர்களும் கொடியவர்கள் அல்லர். அன்பு இல்லாதவர்கள் நள்ளிரவில் அயலார் வீட்டுக் கதவைத் தட்டுவார்களா? வழக்கம் அவர்கள் கையைக் கட்டிப் போட்டிருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆண் மருத்துவர் வரலாமா, கூடாதா என்ற கேள்வி வாசலில் கேட்கப்பட்டது, வாசலிலேயே முடிவானது. உள்ளே உயிருக்குப் போராடிய பெண் என்ன விரும்பினாள்? வரட்டும் என்றாளா, வேண்டாம் என்றாளா? அந்த வரலாற்றில் அவள் பேச்சே இல்லை.

முடிவெடுத்த பெண்

ஐடா தம் வாழ்வைப் பற்றித் தாமே முடிவெடுத்தார். அமெரிக்கா திரும்பினார், வசதியாக வாழ அல்ல, மருத்துவம் படிக்க. 1895-இல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்கு இடம் தந்ததும் அங்கு மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்ட ஷெல் என்ற வங்கியாளர் மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1900-ஆம் ஆண்டின் முதல் நாள் ஐடா மீண்டும் இந்தியாவில் கால் வைத்தார்.

தந்தையிடம் சில ஆண்டுகள் பயிற்சி பெறலாம் என்றிருந்தார். ஆனால் அதே ஆண்டு மே மாதம் தந்தை இறந்துபோனார். ஐடா தளரவில்லை. வேலூரில் வீட்டின் ஓர் அறையில் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவம் தொடங்கினார். வீட்டுப் பணியாளர் ஒருவரின் மனைவியான சலோமி என்னும் உள்ளூர்ப் பெண்தான் அவருக்கு முதல் உதவியாளர். இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய 5,000 பேர் சிகிச்சை பெற்றனர். 1902-இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. சுற்றியிருந்த கிராமங்களுக்கு அவர் தாமே வண்டியில் சென்று சாலையோர மரத்தடிகளில் நோயாளிகளைப் பார்த்தார்.

தாம் ஒருத்தி எத்தனை கதவுகளுக்குப் போக முடியும் என்று அவர் எண்ணிப் பார்த்தார். 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். இந்தப் பெண்கள் ஆண்களோடு போட்டியிட்டுத் தேர்வு எழுதித் தேறுவார்களா என்று அரசு மருத்துவத் துறையினரே ஐயப்பட்டார்கள். முதலாண்டுத் தேர்வு எழுதிய 14 மாணவியரும் தேர்ச்சி பெற்றார்கள்! 1922-இல் அந்த 14 பேரும் மருத்துவர்களாக வெளியே வந்தார்கள். 1942-இல் அது பட்டம் வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது. 1947-இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். திருமணம் செய்து கொள்ளாமல் தம் வாழ்வு முழுவதையும் இப்பணிக்கே கொடுத்த ஐடா, 1960-ஆம் ஆண்டு மே மாதம், 89-ஆம் வயதில், கொடைக்கானலில் இறைவனடி சேர்ந்தார்.

ஐடா தெருத்தெருவாகச் சென்று வழக்கங்களைப் பழித்துக் கொண்டிருக்கவில்லை. கணவர்களைத் திட்டிக் கொண்டிருக்கவில்லை. ஆண் மருத்துவர் வேண்டாம் என்றால் சாவுதான் என்றிருந்த பெண்ணின் முன் வேறொரு வழியைத் திறந்து வைத்தார். தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் உன் விருப்பம் என்ன என்று கேட்பதில் பொருள் இல்லை. கேட்கவும் வேண்டும், கேட்ட பின் செல்ல ஒரு வழியும் இருக்க வேண்டும்.

நம் திருச்சபை நடந்து வந்த பாதை

அந்த மூன்று வீடுகளைக் குறை சொல்லுமுன் நம்மையும் பார்ப்போம். துறவற வார்த்தைப்பாடு கொடுத்த அருட்சகோதரிகள் மருத்துவராகப் பணி செய்யவும் பிரசவம் பார்க்கவும் நம் திருச்சபைச் சட்டம் நெடுங்காலம் இடம் தரவில்லை. ஆண் மருத்துவரை ஏற்காத பெண்கள் இந்தியாவில் சாவதைக் கண்டு வருந்திய ஸ்காட்லாந்து மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரன், இத்தடையை நீக்குமாறு ரோமைக்கு மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். 1913-இல் அவர் இறக்கும்வரை பலன் கிட்டவில்லை. அவர் காட்டிய வழியில் இராவல்பிண்டிக்கு வந்து பணியாற்றிய ஆஸ்திரிய மருத்துவர் அன்னா டெங்கல், 1925-இல் மருத்துவ மறைப்பணிச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். 1936-இல்தான் ரோமை அந்தத் தடையை நீக்கியது. அதற்கு முன்பே திருத்தந்தையின் தனி அனுமதியோடு குண்டூரில் மருத்துவப் பணியாற்றியவர் ஆஸ்திரேலியாவிலிருந்து 1920-இல் வந்த அருட்சகோதரி டாக்டர் மேரி குளோரி. அவரே 1943-இல் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் அமைப்பைத் தொடங்கினார். தாய்மாரின் உயிருக்காகத் திருச்சபையும் தன் வழக்கத்தை மாற்றிக் கொண்டது. அப்படியானால் நம் குடும்ப வழக்கங்கள் மட்டும் மாறக் கூடாதவையா?

நற்செய்தி காட்டும் வழி

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தை எடுத்துக் கொள்வோம். மீட்பரை உலகுக்கு அனுப்ப விரும்பிய இறைவன், நாசரேத்தூர்க் கன்னியிடம் வானதூதரை அனுப்பினார். மரியா கேள்வி கேட்டார், வானதூதர் பொறுமையோடு விளக்கினார், மரியா இசைந்தார். விண்ணையும் மண்ணையும் படைத்தவரே ஓர் ஏழைப் பெண்ணின் இசைவுக்காகக் காத்திருந்தார்!

அதே அதிகாரத்தில் மற்றொரு காட்சி. எலிசபெத்துக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பெயர் யோவான் என்று தாய் சொல்கிறார். சுற்றத்தார் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. தந்தையிடம் சைகை காட்டிக் கேட்கிறார்கள். செக்கரியாவோ பலகையில் அதே பெயரையே எழுதுகிறார். மனைவியின் சொல்லுக்குத் துணை நின்ற அந்தக் கணவரின் நாவு அப்போதே கட்டவிழ்ந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இன்று நம் வீடுகளில்

இன்று நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. 2018-20 கணக்கின்படி, உயிருடன் பிறக்கும் ஒரு இலட்சம் குழந்தைகளுக்குத் தமிழகத்தில் 54 தாய்மார் இறந்தனர். இந்திய அளவில் 97. தமிழகத்தில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. ஆனாலும் மகப்பேறு இறப்புகளை ஆராய்ந்தவர்கள் மூன்று தாமதங்களைச் சொல்கிறார்கள்: மருத்துவமனைக்குப் போக முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இவற்றில் முதல் தாமதம் நம் வீட்டுக்குள் நடப்பது. கடுமையான தலைவலி, கண் மங்கல், முகத்தில் வீக்கம், இரத்தப் போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் - இவற்றில் ஒன்றை ஒரு பெண் சொன்னால், பெரியவர்கள் வரட்டும், நல்ல நேரம் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. அவள் சொல்லை நம்பி உடனே புறப்பட வேண்டும்.

கருவில் வளரும் உயிர் இறைவனின் கொடை. அதை அழிக்க யாருக்கும் உரிமை இல்லை என்ற திருச்சபையின் போதனை உறுதியானது. பெண் குழந்தை என்று அறிந்து அழிப்பதும், ஆண் பிள்ளை வேண்டுமென்று மருமகளை மீண்டும் மீண்டும் பிரசவத்துக்கு வற்புறுத்துவதும் அந்தப் போதனைக்கு எதிரானவை. அதே திருச்சபை இன்னொன்றையும் சொல்லியிருக்கிறது. எத்தனை குழந்தைகள், எவ்வளவு இடைவெளி என்பதை இறைவன் திருமுன் நல்ல மனச்சான்றோடு தீர்மானிக்க வேண்டியவர்கள் கணவனும் மனைவியும்தான் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்தது. அரசின் கட்டாயத்தையும் அது ஏற்கவில்லை. சுற்றத்தாரின் கட்டாயத்தையும் ஏற்காது. திருச்சபை ஏற்கும் இயற்கை வழிக் குடும்ப நலத்தைக் கடைப்பிடிக்கக் கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேசிக் கொள்ள வேண்டும். பேச்சு இல்லாத வீட்டில் அது நடக்காது.

எனவே கணவர்மார்களே, பரிசோதனைக்கு மனைவியோடு நீங்களும் செல்லுங்கள். மருத்துவர் சொல்வதை இருவரும் கேளுங்கள். மாமியார்களே, பிரசவ அறையில் தன்னோடு யார் இருக்க வேண்டும் என்று மருமகளிடமே கேளுங்கள். தன் தாய் வேண்டும் என்றால் மனம் கோணாதீர்கள். பிள்ளை பெற்றவள் தூக்கமில்லை, அழுகை வருகிறது, மனம் சரியில்லை என்றால் அதைச் சோம்பல் என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அன்பியக் கூட்டங்களில் கருவுற்ற சகோதரியின் பெயரைச் சொல்லி மன்றாடுவதோடு நிறுத்திவிடாமல், இரவில் அழைத்தால் வண்டி தரக்கூடியவர் யார் என்பதையும் முடிவு செய்து வையுங்கள். எலிசபெத்தைத் தேடி மலைநாட்டுக்கு விரைந்த மரியா செய்ததும் இதுபோன்ற உதவியே.

திண்டிவனத்தில் இறந்த அந்த மூன்று சகோதரிகளின் பெயர் நமக்குத் தெரியாது, இறைவனுக்குத் தெரியும். நம் வீட்டில் பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்ணின் பெயர் நமக்குத் தெரியும். இன்றே அவளிடம் சென்று கேட்போம்: உனக்கு என்ன வேண்டும்?

மன்றாடுவோம்: வாழ்வின் ஊற்றாகிய இறைவா, கருவுற்றிருக்கும் எங்கள் சகோதரிகளையும் அவர்கள் வயிற்றில் வளரும் குழந்தைகளையும் காத்தருளும். அவர்கள் சொல்வதைக் கேட்கும் செவியையும், கேட்டபடி உடனே எழுந்து செல்லும் கால்களையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.