டாக்டரின் விரலில் ஒரு கீறல்

திருவாலங்காடானாலும் சரி, பாரிஸ் பட்டணமானாலும் சரி, டாக்டர் என்றால் கழுத்தில் ஒரு குழாய் தொங்கும். நெஞ்சில் வைத்துக் கேட்கும் அந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர் லேனெக்.

பிரான்ஸ் தேசத்தில் கெம்பேர் என்ற ஊரில் 1781-ம் ஆண்டு அவர் பிறந்தார். ஐந்து வயதில் தாயை இழந்தார். அந்தத் தாயைக் கொண்டுபோனது க்ஷயரோகம் என்று கருதப்படுகிறது. டாக்டராக இருந்த தந்தையின் சகோதரர் சிறுவனை வளர்த்தார். லேனெக்கும் 1801-ல் பாரிஸ் சென்று வைத்தியம் படித்தார்.

விரலில் கட்டி

ஒரு நாள், க்ஷயம் அரித்த முதுகெலும்பு ஒன்றை ரம்பத்தால் அறுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ரம்பம் தவறி, இடது கை ஆள்காட்டி விரலில் லேசாகக் கீறியது. மறுநாள் அந்த இடம் சிவந்தது. நாளடைவில் சிறு கட்டியாயிற்று. தோல் வெடித்தபோது உள்ளே மஞ்சள் நிற முடிச்சு தெரிந்தது. நோயாளிகளின் நுரையீரலில் அவர் கண்ட அதே முடிச்சு! ஆன்டிமனி கலந்த காரமருந்தை வைத்துச் சுட்டார். முடிச்சு பெயர்ந்து வந்தது; புண் ஆறியது. தமக்கு நேர்ந்ததை மறைக்காமல் நூலிலும் எழுதினார்.

காகிதக் குழாய்

1816-ல் இருதய நோயுள்ள இளம்பெண் ஒருத்தி அவரிடம் வந்தாள். மார்பில் காதை வைத்துக் கேட்க அவருக்குக் கூச்சம். காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். இருதயத் துடிப்பு தெளிவாகக் கேட்டது! பிறகு மரத்தில் குழாய் செய்தார். 1819-ல் அதைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டார். நுரையீரலில் வந்தாலும் எலும்பில் வந்தாலும் க்ஷயம் ஒரே நோய்தான் என்று காட்டினார்.

கடைசியில் அவரையே இருமலும் காய்ச்சலும் வாட்டின. உறவினரான இளம் டாக்டரைக் கொண்டு தம் நெஞ்சைச் சோதிக்கச் செய்தார். கேட்ட ஒலிகளை அவர் சொல்லச் சொல்ல, நோய் இன்னதென்று லேனெக்குக்கு விளங்கிவிட்டது. 1826 ஆகஸ்டு 13-ந் தேதி, 45-வது வயதில் காலமானார். விரல் கீறலே காரணம் என்று சொல்வதற்கில்லை. நோயாளிகள் நடுவிலேயே வாழ்ந்தவர் அவர்.

இன்று மருந்து உண்டு

க்ஷயக் கிருமியை ராபர்ட் கோக் 1882-ல்தான் கண்டறிந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943-ல் கிடைத்தது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்பதை, 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி உலகுக்குக் காட்டியது.

கைவிரலிலோ மணிக்கட்டிலோ வீக்கம் வந்து வாரக்கணக்கில் வடியாமல் இருந்தால், வலி இல்லையே என்று அலட்சியம் செய்யலாகாது. எக்ஸ்ரே எடுப்பார்கள். சிறிது சதை எடுத்துக் கிருமி உண்டா என்று சோதிப்பார்கள். க்ஷயம்தான் என்றால், பல மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். சிலருக்கு ஆபரேஷனும் தேவைப்படும். வீக்கம் வடிந்ததும் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும். அரசு ஆஸ்பத்திரிகளில் சோதனையும் மருந்தும் இலவசம்.

லேனெக்குக்குக் கிடைக்காத மருந்து இன்று ஏழைக்கும் கிடைக்கிறது. அவர் தந்த குழாயோ இன்றும் கோடானுகோடி நெஞ்சங்களின் ஒலியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.