சிக்மண்ட் பிராய்டின் வாய்ப் புற்றுநோய்

சிக்மண்ட் பிராய்ட் (மே 6, 1856 - செப்டம்பர் 23, 1939) உளப்பகுப்பாய்வுத் துறையைத் தோற்றுவித்த ஆஸ்திரிய மருத்துவர் ஆவார். இவர் தமது வாழ்வின் கடைசி 16 ஆண்டுகளை வாய்ப் புற்றுநோயுடன் கழித்தார். இக்காலத்தில் இவருக்கு 30-க்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் செய்யப்பட்டன. அவற்றுள் பல, புற்றாக மாறக்கூடிய திட்டுகளை முன்கூட்டியே அகற்றுவதற்காகச் செய்யப்பட்டவை.

பின்னணி

மொராவியாவின் பிரைபெர்க் நகரில் (இன்று செக் குடியரசின் பிரிபோர்) பிறந்த பிராய்ட், 1881 ஆம் ஆண்டு வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இளம் வயதிலேயே புகைக்கத் தொடங்கிய இவர், நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 சுருட்டுகள் பிடித்து வந்தார்.

நோய் கண்டறியப்படல்

1923 பெப்ரவரியில் வலப்பக்கத் தாடையிலும் அண்ணத்திலும் ஒரு வெண்திட்டு இருப்பதைப் பிராய்ட் கண்டார். இது லியூகோபிளாக்கியா எனப்படும். வழித்தால் போகாததும், வேறு நோயால் ஏற்பட்டது என விளக்க முடியாததுமான வெண்படலமே இது. எல்லாத் திட்டுகளும் புற்றாவதில்லை. ஆயினும் எது மாறும் என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய இயலாது. திசுவை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் ஆராய வேண்டும்.

ஏப்ரலில் மார்க்கசு ஹாயெக் என்பவர் இக்கட்டியை அகற்றினார். பின்னர் கடும் குருதிப்போக்கு ஏற்பட்டது. அதே அறையில் இருந்த மற்றொரு நோயாளி உதவியாளரை அழைத்து வந்ததால் பிராய்ட் உயிர் தப்பினார். கட்டி புற்று என்பது அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. மருத்துவரிடமே அவரது நோயை மறைத்தது இன்று வியப்பளிக்கலாம். அக்காலத்தில் அது வழக்கமாகவே இருந்தது.

பிக்லரின் சிகிச்சை

அதே ஆண்டு அக்டோபரில் வாய் அறுவை மருத்துவர் ஹான்ஸ் பிக்லர், வலப்பக்க மேல்தாடையின் பெரும்பகுதியையும் அண்ணத்தின் ஒரு பகுதியையும் அகற்றினார். வாய்க்கும் மூக்குக்கும் இடையே உண்டான திறப்பை அடைக்கச் செயற்கை அண்ணம் பொருத்தப்பட்டது. அதனை மாட்டுவதும் கழற்றுவதும் பெரும் வேதனையாக இருந்தது. பேச்சு குழறியது, வலக்காது கேட்கும் திறனை இழந்தது. 1930 இல் கிடைத்த கேதே பரிசுக்கான உரையை மகள் அன்னாவே வாசித்தார்.

பிக்லர் தொடர்ந்து வாயைச் சோதித்து, புதிய திட்டு தோன்றும்போதெல்லாம் வெட்டியோ மின்சாரத்தால் சுட்டோ அகற்றினார். நோயியலாளர் யாக்கோப் எர்டுஹைம் திசுக்களை ஆராய்ந்து, புகையிலையே காரணம் எனச் சுட்டினார். பிராய்டோ சுருட்டை நிரந்தரமாகக் கைவிடவில்லை. திட்டை அகற்றினாலும், புகையால் பாதிக்கப்பட்ட அருகிலுள்ள சவ்வில் புதியது தோன்றலாம். எனவே இன்றைய மருத்துவத்திலும் அறுவையுடன் புகையிலையை விடுதலும் நீண்டகாலக் கண்காணிப்பும் வலியுறுத்தப்படுகின்றன. 13 ஆண்டுகள் கழித்து, 1936 இல், அகற்றப்பட்ட திசுவில் மீண்டும் புற்று காணப்பட்டது.

இறுதிக்காலம்

1938 இல் நாட்சி செருமனி ஆஸ்திரியாவை இணைத்துக் கொண்டதும் பிராய்ட் குடும்பத்துடன் இலண்டன் சென்றார். செப்டம்பரில் பிக்லர் அங்கு சென்று மீண்டும் அறுவைச் சிகிச்சை செய்தார். 1939 தொடக்கத்தில் தோன்றிய புற்று அறுவைக்கு எட்டாத இடத்தில் இருந்ததால் கதிர்ச்சிகிச்சை அளிக்கப்பட்டது. வலி தாங்க முடியாத நிலையில், முன்னர் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, மருத்துவர் மாக்ஸ் ஷூர் மார்பின் செலுத்தினார். செப்டம்பர் 23 அன்று பிராய்ட் காலமானார். இவரது அஸ்தி கோல்டர்ஸ் கிரீன் தகனசாலையில், மரீ போனபார்ட் அன்பளித்த பண்டைய கிரேக்கக் கலம் ஒன்றில் வைக்கப்பட்டது.