தீட்சிதரும் கோட்டைப் பாண்டு வாத்தியமும்

சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவராகிய முத்துசுவாமி தீட்சிதர் 1775-ஆம் ஆண்டு திருவாரூரிற் பிறந்தார் என்பர். தந்தையார் இராமசுவாமி தீட்சிதர் ஹம்ஸத்வனி இராகத்தை ஆக்கியளித்த பெரும் வித்துவான். மைந்தர் இளைஞராயிருக்கையில் இக்குடும்பம் சென்னைக்கு வடக்கேயுள்ள மணலிக்குக் குடியேறி, அவ்வூர்ப் பிரபுவாகிய முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவிலே வாழ்ந்தது. கும்பெனியாரோடு பழகிய முதலியார் குடும்பத்தின் வாயிலாகச் செயிண்ட் ஜார்ஜ் கோட்டைப் பாண்டு வாத்தியம் தீட்சிதர் செவிக்கு எட்டியது. தம்பியார் பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் பயின்றார். நம் சங்கீதக் கச்சேரியில் அக்கருவி இடம்பெற்றதற்கு இதுவே தொடக்கம்.

கேட்ட மெட்டுக்களைத் தீட்சிதர் புறக்கணித்தாரல்லர். அவற்றிற்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். ஏறத்தாழ 40 உருப்படிகள் நொட்டுஸ்வரம் என்னும் பெயரால் வழங்குகின்றன. ஆங்கில நாட்டு அரச வணக்கப் பாட்டின் மெட்டும் அவற்றுள் ஒன்றில் சியாமளா தேவியின் துதியாக மாறியிருக்கிறது. இவற்றைச் சிறுவர் பாடமென்று தள்ளும் ரசிகரும் உளர். அக்கருத்து எமக்கு உடன்பாடன்று. ஏனெனில் தீட்சிதரின் நுண்ணிய செவியை அறிய இவற்றினும் தெளிவான சான்று வேறில்லை.

ஐரோப்பியர் மேஜர் எனக் கூறும் ஸ்வர வரிசை நம் 29-ஆவது மேளமாகிய சங்கராபரணத்தோடு ஒத்தது. ஆதலின் நொட்டுஸ்வரங்கள் யாவும் சங்கராபரண ஸ்வரங்களிலேயே நடக்கின்றன. காலப்பிரமாணமோ விரைவானது, தாளத்தின் அடி அணிவகுப்பின் நடைபோல் ஒழுங்காக விழும். கமகம் இல்லை, ஒவ்வொரு ஸ்வரமும் அசைவின்றித் தனித்து நிற்கும். கேட்போர் உள்ளத்தில் எழுவது உற்சாகமே.

இனிக் கீவளூர் அட்சயலிங்கப் பெருமான்மீது அவர் பாடிய கீர்த்தனத்தைக் கேட்க. அதுவும் சங்கராபரணமே, ஆயின் மிச்ர சாபு தாளத்தில் விளம்பமாக நகர்கின்றது. ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழைந்து கமகத்தில் அசைகின்றன. முன்னதில் துள்ளிய அதே ஸ்வரங்கள் இங்கே கருவறையின் அமைதியைத் தருகின்றன. ஸ்வரத்தை மாற்றாமலே காலத்தாலும் கமகத்தாலும் ரசத்தை மாற்றலாம் என்பதை ஒருவர் கையிலேயே காண்கிறோம். இசைத்தட்டில் இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் மாணவர்க்கு விளக்கவுரை வேண்டுவதில்லை.

இடையே சிதம்பரநாத யோகியாருடன் காசி சென்று சில ஆண்டு தங்கினார். அங்கே கேட்ட துருபதத்தின் அவசரமற்ற நடை அவர் கீர்த்தனங்களிற் படிந்தது என்பர். திரும்பியபின் தலந்தலமாகச் சென்று பாடினார். நம் திருக்கோவிலூருக்கு எதிர்க்கரையிலுள்ள அறையணிநல்லூரிலிருந்தே சம்பந்தர் அண்ணாமலையைக் கண்டு தொழுதார் என்பது யாவரும் அறிந்தது. பஞ்சபூதத் தலங்களைப் பாடிய தீட்சிதர், அவ்வண்ணாமலையை நெருப்புத் தலமாகச் சாரங்க இராகத்திற் போற்றினார்.

இறுதியில், தம்பியார் சமஸ்தான வித்துவானாயிருந்த எட்டயபுரம் சேர்ந்து, 1835-ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளன்று மறைந்தார். அவர் கீர்த்தனங்கள் நெடுநாள் வாய்மொழியாகவே நிலவின. இந்திய இசையை ஐரோப்பிய ஸ்வரக் குறிப்பில் எழுதி அச்சிட்ட கிறிஸ்தவராகிய சின்னசுவாமி முதலியார், பாலுசுவாமியின் பேரரான சுப்பராம தீட்சிதரை இடைவிடாது தூண்டினார். அதன் பயனாகச் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904-ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் அச்சேறிற்று.